மலைநாட்டில் கிளைடர் ஓட்டுகிறவர்களுக்கு: வழிப்புள்ளிக் கோப்பும் இறங்கும் வயல்களும் தயார்செய்வது எப்படி?

மே மாத வெயிலில் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டு மாடியறையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்துவிட்டால், எனக்குப் பிரான்ஸ் பயணம் தொடங்கிவிட்டது என்று பொருள். பெரியப்பா சொல்தாவாக (பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக) இருந்து ஓய்வு பெற்றவர், அக்கா மார்செய் பக்கம் குடியிருக்கிறார். அதனால் கோடையில் மூன்று வாரம் தெற்கு ஆல்ப்ஸில் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) ஓட்ட எனக்கு வாய்க்கிறது. போகும் முன் நான் செய்கிற முக்கியமான வேலை ஒன்றுதான்: எந்த மலை எங்கே, எந்தக் கணவாய் எவ்வளவு உயரம், காற்று கைவிட்டால் எந்த வயலில் இறங்கலாம் என்று சொல்லும் வழிப்புள்ளிக் கோப்பை என் கையால் சரிபார்ப்பது.

கடலூர், விழுப்புரம் மாதிரி சமவெளியில் உயரம் தீர்ந்தால் சுற்றிலும் ஏதாவது ஒரு திடல் கண்ணில் படும். மலையில் அப்படி இல்லை. இருபது கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கில் இறங்கத் தகுந்த இடம் ஒன்றே ஒன்று இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். அந்த இடம் உங்கள் திரையில் தப்பான இடத்தில் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இமாச்சலத்தின் பீர்-பில்லிங்குக்குப் பாராகிளைடிங் போகிற நம் ஊர்த் தம்பிகளுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் ஆயத்தக் கோப்பு

வெறும் தாளிலிருந்து தொடங்க வேண்டாம். 'வேர்ல்ட்வைட் டர்ன்பாயின்ட் எக்ஸ்சேஞ்ச்' தளத்தில் உலகின் பல பறக்கும் பகுதிகளுக்கான கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல வடிவங்களில் இருக்கும், நீங்கள் சி.யு.பி. வடிவத்தை எடுங்கள். ஸ்லோவேனியாவின் நாவிட்டர் நிறுவனம் தன் சீயூ மென்பொருளுக்கு வைத்திருக்கும் வடிவம் இது, இன்று பெரும்பாலான கருவிகள் இதைப் படிக்கும். ஆல்ப்ஸுக்கு என்றால் பாதுகாப்பான இறங்குமிடங்களைப் படத்தோடு காட்டும் பிரெஞ்சுக் கையேடு உண்டு, அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வயலில் இறங்குவதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பசுக்களிடம் போவது' என்பார்கள். கிளப்பில் அந்தச் சொல் காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம்.

பறக்கும்போது பார்க்க நான் எக்ஸ்சிசோர் செயலியைப் பயன்படுத்துகிறேன். இலவசம், திறந்த மூலம், ஆண்ட்ராய்டு போனில் ஓடும். மலை குறுக்கே நின்றால் அதையும் கணக்கில் எடுத்து எதுவரை போய்ச் சேர முடியும் என்று கோடு போட்டுக் காட்டும். இது ஒன்றுக்காகவே மற்றதை விட்டு இதைப் பிடித்துக்கொண்டேன். கோப்பை அதில் ஏற்றுவது ஐந்து நிமிட வேலை, அதை இங்கே விளக்கவில்லை.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

சி.யு.பி. கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். வரிக்கு ஒரு புள்ளி, நடுவில் காற்புள்ளிகள். பெயர், சுருக்கப்பெயர், நாடு, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், வகை, ஓடுபாதையின் திசை, நீளம், ரேடியோ அலைவரிசை, குறிப்பு என்று போகும். வகை எண்ணில் கவனம் வேண்டும்: 1 சாதாரண வழிப்புள்ளி, 2 புல்தரை விமானத்தளம், 3 இறங்கத்தக்க வயல், 4 கிளைடர் தளம், 5 கெட்டித்தரை ஓடுபாதை, 6 கணவாய், 7 மலைச்சிகரம். 2 முதல் 5 வரை போட்டால் கருவி அதை இறங்கும் இடம் என்று எடுத்துக்கொள்ளும். சிகரத்துக்கு 7 போடுவதற்குப் பதில் கைதவறி 3 போட்டுவிட்டால், பாறை உச்சியை 'இங்கே இறங்கு' என்று காட்டும்.

என்னைச் சறுக்கிவிட்ட இடம்: பாகையும் கலையும்

கூகுள் வரைபடத்தில் ஒரு இடத்தை அழுத்தினால் 11.75, 79.75 என்று தசமத்தில் தரும். அது கடலூர். ஆனால் சி.யு.பி. கோப்பு தசமப் பாகையைக் கேட்பதில்லை. பாகையும் (டிகிரி) கலையுமாக (மினிட்) கேட்கிறது. ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே 0.75-ஐ 60-ஆல் பெருக்க வேண்டும், 45 வரும். அட்சரேகை 1145.000, அதை ஒட்டி வடக்குக்கான ஆங்கில 'என்' எழுத்து. தீர்க்கரேகை 07945.000, ஒட்டிக் கிழக்குக்கான 'இ' எழுத்து. தீர்க்கரேகையில் பாகைக்கு எப்போதும் மூன்று இலக்கம். முன்னால் இருக்கும் சுழியத்தை விடக் கூடாது.

இதையே திருப்பிப் பாருங்கள். 1145 என்பதை யாராவது 11.45 பாகை என்றும், 07945-ஐ 79.45 என்றும் படித்துவிட்டால், கடலூர் அங்கிருந்து தென்மேற்கே 45 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து ஸ்ரீமுஷ்ணம் பக்கம் போய்விடும். ஒரு கலை அட்சரேகை என்பது ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். சின்னப் பிழை என்று ஒன்று இதில் கிடையாது.

இதில் பயமுறுத்துகிற விஷயம் இன்னொன்று. தசமம் .60-க்கு மேல் இருந்தால் தப்பு பளிச்சென்று தெரியும். புதுச்சேரி 11.93 என்பதை 1193 என்று எழுதினால், 93 கலை ஏது என்று நமக்கே உறைக்கும். .60-க்குக் கீழே இருந்தால் எந்த மென்பொருளும் வாய் திறக்காது. என் கோப்பில் நடந்தது அதுதான். தெற்கு ஆல்ப்ஸின் உபாய் பள்ளத்தாக்கில் 44.38-இல் இருக்கும் ஒரு வயலை 4438.000 என்று எழுதிவிட்டேன். சரியானது 4422.800. பதினைந்து கலை வித்தியாசம், 28 கிலோமீட்டர் வடக்கே. வயல் வார்ஸ் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது.

அதைப் பிடித்தவர் என் பயிற்றுநர். புறப்படும் முன் கிளைடர் பக்கத்தில் நின்றபடி என் திரையில் அந்தப் புள்ளியைத் தொட்டு, "இந்த வயலுக்குப் பக்கத்து ஊர் எது?" என்று கேட்டார். நான் பார்சலோனெட் என்றேன். அவர் மடித்து வைத்திருந்த காகித வரைபடத்தைக் கிளைடர் இறக்கைமேல் விரித்து, திரையில் இருந்த எண்களின்படி விரலை நகர்த்தி, கணவாய்க்கு அப்பால் நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. கருவியை அணைத்துவிட்டு அன்று முழுக்கக் காகித வரைபடத்தை வைத்தே பறந்தோம்.

அன்றிலிருந்து என் கோப்பின் முதல் வரியில் முத்தியால்பேட்டை வீடு இருக்கும். கடலூர் பேருந்து நிலையம் இரண்டாவது வரி. இரண்டும் திரையில் சரியான தெருவில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்ற வரிகளைத் தொடுவேன். நம் வீடு கடலோரத்தில் இருப்பது ஒரு வசதி. தீர்க்கரேகை கிழக்கே கொஞ்சம் பிசகினாலும் வீடு வங்கக் கடலுக்குள் போய்விடும், உடனே தெரிந்துவிடும்.

எதில் திருத்துவது

எக்செல் வேண்டாம் என்பது என் கருத்து. என் மடிக்கணினி பிரான்ஸில் வாங்கியது, பிரெஞ்சு அமைப்பில் ஓடுவது. பிரெஞ்சு அமைப்பில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி, காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி. எக்செல்லில் திறந்து சேமித்தால் கோப்பு முழுக்க அரைப்புள்ளியாகிவிடும், கருவி ஒரு வரியைக்கூடப் படிக்காது. புதுச்சேரியில் இப்படிப் பிரெஞ்சுக் கணினி வைத்திருக்கிற வீடுகள் நிறைய உண்டு, அதனால்தான் சொல்கிறேன். அமைப்பு எதுவானாலும் 123.500 என்ற அலைவரிசை 123.5 ஆவதும், 050 என்ற ஓடுபாதைத் திசை 50 ஆவதும் எக்செல்லில் சகஜம்.

லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறக்கும்போது எல்லா நெடுவரிசையையும் 'உரை' என்று குறித்துவிட்டால் எதுவும் மாறாது. நாலைந்து வரிதான் திருத்த வேண்டும் என்றால் நோட்பேட்++ போதும்.

வயலைத் தேர்ந்தெடுப்பது

வேறொருவர் கோப்பில் '3' என்று போட்டிருக்கும் எதையும் அப்படியே நம்பாதீர்கள். அவர் பார்த்த வருடம் அது புல்வெளியாக இருந்திருக்கும். துரான்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டங்கள் அதிகம், ஆலங்கட்டி மழைக்குப் பயந்து மேலே வலை கட்டியிருப்பார்கள். வயல் தோட்டமாக மாற இரண்டு வருடம் போதும்.

ஒவ்வொரு வயலுக்கும் நான் பார்ப்பவை: நீளம், சரிவு, தடை, பயிர். கூகுள் எர்த்தில் வயலின் இரு முனையிலும் சுட்டியை வைத்தால் உயரம் தெரியும். 300 மீட்டர் நீளத்தில் 9 மீட்டர் வித்தியாசம் என்றால் 3 சதவீதச் சரிவு. மலையில் சரிவு வயல் என்றால் மேல்நோக்கித்தான் இறங்க வேண்டும், காற்று பின்னால் இருந்து லேசாக அடித்தாலும் சரி. ஓடுபாதைத் திசை என்ற கட்டத்தில் அந்த மேல்நோக்கிய திசையையே போடுங்கள். ஆகாயத்திலிருந்து பார்க்கும்போதே சரிவு தெரிகிறது என்றால் அது நமக்கு மிகவும் செங்குத்து, அந்த வயலை விட்டுவிட வேண்டும்.

தடைக்கு ஒரு கணக்கு: வயலின் நுழைவில் இருக்கும் தடையின் உயரத்தைப் பத்தால் பெருக்கி வயலின் நீளத்தில் கழியுங்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 20 மீட்டர் தென்னை ஒன்று நின்றால் 200 மீட்டர் வயல் போச்சு. மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைத் தேடுங்கள், இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பயிரைப் படிக்கும் பழக்கத்தை இங்கேயே வளர்க்கலாம். கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் பேருந்தில் போகும்போது ஜன்னல் ஓரம் உட்காருங்கள். நெல் வயல் பச்சையாகச் சமமாகத் தெரியும், ஆனால் ஐம்பதடிக்கு ஒரு வரப்பு, சக்கரம் மாட்டும். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு மேலிருந்து பார்த்தால் புல் மாதிரி இருக்கும், பக்கத்தில் போனால் ஆள் உயரம். மணிலா (நிலக்கடலை) பறித்த கொல்லை நன்றாகக் காய்ந்திருந்தால் நம்பலாம். பிரான்ஸில் கரும்புக்குப் பதில் மக்காச்சோளம், சூரியகாந்தி, விஷயம் அதேதான்.

இதைவிட நல்ல பயிற்சி ஒன்று உண்டு. செஞ்சி ராஜகிரிக் கோட்டை உச்சி சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர். கிளைடரில் வயலைச் சுற்றிவந்து இறங்கத் தொடங்கும் உயரமும் ஏறக்குறைய இதுதான். போன தை மாதம் காலையிலேயே ஏறி, சுற்றுச்சுவர் ஓரம் நின்று கீழே ஐந்து வயல்களைக் குறித்துக்கொண்டேன். இதில் இறங்குவேன், இதில் மாட்டேன் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினேன். இளவெயிலில் வரப்புகளின் நிழல் நூல் பிடித்த மாதிரி தெரிந்தது. உச்சி வெயில் வந்ததும் அதே வயல் ஒரே பாய் விரித்தது போல ஆகிவிட்டது, ஒரு வரப்பும் தெரியவில்லை. அப்புறம் கீழே இறங்கி ஐந்து வயலுக்கும் நடந்தேன். நான் மிக நல்லது என்று முதலிடம் கொடுத்திருந்த வயலின் நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் ஓடியது. கரையில் வளர்ந்த புல் அதை மறைத்திருந்தது. அந்த ஒரு நாளில் கற்றதை எந்தத் திரையும் எனக்குக் கற்றுத்தந்ததில்லை. ஆல்ப்ஸிலும் முதல் இரண்டு நாள் பறக்காமல், காரில் போய் முக்கியமான வயல்களில் நடந்துவிட்டு வருகிறேன்.

உயரக் கணக்கும் கணவாயும்

கிளப் கிளைடர் ஒன்று அமைதியான காற்றில் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 40 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். மலையில் கீழ்நோக்கிய காற்று பலமாக இருக்கும், அதனால் பாதியைத்தான் நம்ப வேண்டும், 20. அதாவது கிலோமீட்டருக்கு 50 மீட்டர் உயரம் செலவு. வயல்மேல் போய்ச் சேரும்போது 300 மீட்டர் கையிருப்பு வேண்டும்.

இப்போது வார்ஸ் கணவாய்க்கு வருவோம், உயரம் 2108 மீட்டர். அங்கிருந்து சேன்-கிரெப்பேன் விமானத்தளம் சுமார் 20 கிலோமீட்டர், தளத்தின் உயரம் சுமார் 900 மீட்டர். கணக்குப்படி 1000 கூட்டல் 900 கூட்டல் 300, ஆக 2200 மீட்டர் இருந்தால் போய்ச் சேரலாம். ஆனால் 2200 என்றால் கணவாய்க்கு மேல் வெறும் 90 மீட்டர்தான். காற்று கணவாயைத் தாண்டிக் கீழே விழுகிற பக்கத்தில் அது உயிருக்கு ஆபத்து. எனக்கு அங்கே 2400-க்குக் குறைந்தால் போக மாட்டேன், திரும்பிவிடுவேன். இதனால்தான் கோப்பில் இறங்குமிடங்களை மட்டும் வைக்காமல் கணவாய்களையும் அவற்றின் உயரத்தோடு வகை 6-ஆக வைக்கச் சொல்கிறேன். குறிப்புக் கட்டத்தில் 'வடக்கே போக 2400' என்று நீங்கள் முடிவு செய்த எண்ணை எழுதிவிடுங்கள். மேலே, தூக்கிவிடும் வெப்பக்காற்று கிடைக்காமல் தவிக்கிற நேரத்தில், புதிதாகக் கணக்குப் போடும் நிலையில் யாரும் இருப்பதில்லை.

முக்கியமான பத்துப் பன்னிரண்டு புள்ளிகளைக் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் போன் சூடாகித் தானாக அணைந்துவிடுவதுண்டு.

பின் சேர்ப்பு

இதைப் படித்துவிட்டு விழுப்புரத்துத் தம்பி ஒருவர் தன் கோப்பை அனுப்பியிருந்தார். பார்சலோனெட் தளத்தை எட்டவே முடியாது என்று கருவி காட்டுகிறதாம். பார்த்தால், 3714 அடி என்ற உயரத்தை மீட்டர் என்று குறித்திருக்கிறார். உண்மையில் அது 1132 மீட்டர். அவருக்கு நடந்தது பரவாயில்லை, போகாதே என்றுதான் கருவி சொன்னது. இதையே மாற்றி 1132 அடி என்று எழுதியிருந்தால் 345 மீட்டர் ஆகியிருக்கும். எட்டாத தளத்தை எட்டும் என்று கருவி காட்டியிருக்கும். உயர எண்ணுக்குப் பின்னால் மீட்டரா அடியா என்ற குறியை எந்த வரியிலும் விடாதீர்கள். நான் இப்போது கோப்பு முழுக்க மீட்டரில் மட்டும் வைத்திருக்கிறேன். அடி என்று வருகிற வரியைத் தேடிப் பிடித்து மாற்றிவிட்டுத்தான் போனில் ஏற்றுகிறேன்.