இறங்கும்போது மட்டும் அழுத குழந்தை: என் அனுபவம்

சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்ட பிறகுதான் இது பெரிய கவலையானது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதெல்லாம், குன்னூருக்குக் கீழே உள்ள பர்லியாறு நெருங்கியதும் எங்கள் ஒரு வயது மகள் காதைப் பிடித்துக்கொண்டு வீறிடுவாள்.

பல் முளைக்கிறது என்றார் அம்மா. வாந்தி உணர்வோ என்று வயிற்றைக் காலியாக வைத்துக் கூட்டிப்போனோம். காதில் பஞ்சு வைத்தோம். எதுவும் பலிக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, காதில் தொற்று இல்லை என்றார்.

பிறகுதான் ஒன்று பிடிபட்டது: மலை ஏறும்போது அவள் அழுததே இல்லை! ஏறும்போது நடுக்காதின் காற்று பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது விழுங்கினால்தான் நடுக்காதைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் திறந்து காற்று உள்ளே போகும். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. அவளோ குன்னூரிலேயே தூங்கிவிடுவாள்.

அடுத்த முறை குன்னூரில் எழுப்பி, வண்டியை அங்கங்கே ஓரம்கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தோம். அழுகை நின்றது.

விமானத்திலும் இதே கணக்குதான். எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், கேபின் அழுத்தம் பொதுவாக 6,000 முதல் 8,000 அடி மலையில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. ஊட்டியே சுமார் 7,350 அடி! அதனால் பால் முழுவதையும் கிளம்பும்போதே கொடுத்துவிடாதீர்கள். தரையிறங்க அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். பணிப்பெண்ணிடம் கேட்டுக்கொண்டு குழந்தையை எழுப்பி, மெதுவாகக் கொடுங்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வரை எங்களுக்குச் சிக்கலே இல்லை. சளி இருந்தால் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் காட்டிவிடுங்கள், மூக்கடைப்போடு இது சரியாக எடுபடாது.