உங்கள் தளத்தில் தேடல் பெட்டி வைப்பது எப்படி?

இருபது முப்பது பதிவுகள் வரை தேடல் பெட்டி இல்லாமலே சமாளித்துவிடலாம். அதற்குமேல் போனால், பாடுபட்டு எழுதிய பழைய பதிவு ஒன்று இருப்பதே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும். கூகுள் தரும் இலவசத் தேடல் பொறியைக் கொண்டு, புரோகிராமிங் தெரியாதவரும் இதைச் சரிசெய்யலாம். பெட்டியை ஒட்டுவது சுலபம். தமிழில் தேடினால் உரிய பதிவு வருகிறதா என்று பார்ப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அதனால் அந்தப் படியை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

படி 1: பக்கங்கள் கூகுளில் ஏறியிருக்கின்றனவா?

இந்தத் தேடல் பொறி உங்கள் தளத்தை நேரடியாகத் துழாவுவதில்லை. கூகுள் ஏற்கெனவே படித்துச் சேர்த்து வைத்திருக்கும் பக்கங்களில்தான் தேடும். ஆகவே முதலில் கூகுளுக்குப் போய், 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைக் கொடுங்கள். பதிவுகள் வரிசையாக வந்தால் நல்லது. ஒன்றுமே வரவில்லை என்றால், சர்ச் கன்சோல் என்ற கூகுளின் இலவசச் சேவையில் தளத்தைப் பதிந்து, சைட்மேப்பை (தளத்தின் பக்க முகவரிகள் அடங்கிய பட்டியலை) கொடுத்துவிட்டுச் சில நாட்கள் பொறுத்திருங்கள். அதற்கு முன் பெட்டியை வைத்தால் அது எதையும் காட்டாது.

படி 2: தேடல் பொறியை உருவாக்குதல்

கூகுளின் 'புரோகிராமபிள் சர்ச் என்ஜின்' பக்கத்தில் உங்கள் கூகுள் கணக்கோடு நுழையுங்கள். 2006-ல் 'கஸ்டம் சர்ச் என்ஜின்' என்ற பெயரில் வந்தது இதுதான். பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயர் கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம்.

புதிய பொறிக்கு ஒரு பெயர் வைத்து, தேட வேண்டிய தளமாக உங்கள் முகவரியைக் கொடுங்கள். முகவரியின் முடிவில் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் (/*) சேர்த்தால் அதன் கீழே உள்ள எல்லாப் பக்கங்களும் அடங்கும். குறிச்சொல் பக்கங்கள், மாதவாரித் தொகுப்புகள் போன்றவற்றை விலக்க வேண்டிய முகவரிகளில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பதிவு நான்கு இடங்களில் வந்து நிற்கும்.

இலவசப் பொறியில் முடிவுகளோடு விளம்பரமும் வரும். தகுதியுள்ள லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு அதை நிறுத்திக்கொள்ள வழி உண்டு.

படி 3: நிரலை ஒட்டுதல்

பொறி தயாரானதும் ஒரு சிறு நிரல் கிடைக்கும். அதில் இரண்டு பகுதிகள். 'ஸ்கிரிப்ட்' என்று தொடங்கும் வரியில் உங்கள் பொறியின் அடையாள எண் இருக்கும். அதில் ஓரெழுத்து விடுபட்டாலும் பெட்டி வராது. அடுத்து வரும் 'டிவ்' வரி எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெட்டி தோன்றும்.

பிளாகரில் லேஅவுட் பகுதிக்குப் போய், எச்டிஎம்எல் கேட்ஜெட் ஒன்றைச் சேர்த்து அதில் ஒட்டுங்கள். சொந்தமாக நிறுவிய வேர்ட்பிரஸ் என்றால் 'கஸ்டம் எச்டிஎம்எல்' பிளாக் போதும். வேர்ட்பிரஸ்.காமின் இலவசத் திட்டத்தில் ஸ்கிரிப்ட் வேலை செய்யாது. அங்கே உள்ளேயே இருக்கும் தேடல் பிளாக்கைப் பயன்படுத்துங்கள்.

படி 4: தமிழில் தேடிப் பாருங்கள்

உங்கள் பதிவுகளில் ஐந்தாறை எடுத்து, வாசகர் என்ன அடித்துத் தேடுவார் என்று யோசித்து, அந்தச் சொற்களையே அடித்துப் பாருங்கள். தலைப்பை அப்படியே காப்பி செய்து தேடுவது சோதனையே ஆகாது.

இருக்கிற பதிவு வரவில்லை என்றால் முதலில் எழுத்துருவைச் சந்தேகியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. ஒரு வரியை காப்பி செய்து போனின் குறிப்புச் செயலியில் ஒட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்படிப்பட்ட பதிவுகளை, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடு முறைக்கு மாற்றியே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

அப்புறம் வேற்றுமை உருபு. பதிவு முழுக்க 'தோட்டத்தில்', 'தோட்டத்துக்கு' என்றே எழுதியிருப்போம். வாசகர் 'தோட்டம்' என்று அடிப்பார். தலைப்பிலோ முதல் பத்தியிலோ அந்தச் சொல் உருபு ஏறாமல் ஒருமுறையாவது வரட்டும். அதேபோல் 'கணினி' என்று தேடுபவரும் 'கம்ப்யூட்டர்' என்று தேடுபவரும் உண்டு. பொறியின் அமைப்புகளில் இணைச்சொற்களைக் கொடுக்கும் வசதி இருக்கிறது. தமிழ்த் தளம் நடத்துபவர்கள் அவசியம் பயன்படுத்த வேண்டியது அது.

நாளை நீங்களே ஜாவாஸ்கிரிப்டில் தேடல் எழுதப் போகிறீர்கள் என்றால், ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே யூனிகோடு குறியீடாகவும் (U+0BCA) சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. தேடும் சொல், பதிவின் உரை இரண்டையும் 'நார்மலைஸ்' என்ற செயற்கூறில் போட்டு எடுத்த பிறகே ஒப்பிடுங்கள்.

படி 5: என்ன தேடுகிறார்கள் என்று கவனியுங்கள்

பொறியின் தோற்ற அமைப்பில் 'இரண்டு பக்கம்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால், முடிவுகள் தனிப் பக்கத்தில் வரும். தேடிய சொல் அதன் முகவரியிலேயே இருக்கும். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-ஐ இணைத்து, அதில் தளத் தேடல் கணக்கீட்டையும் இயக்கியிருந்தால் அந்தச் சொற்களை அது சேகரித்துத் தரும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். பதிவு இருந்தும் கீழே போய்விடுகிறது என்றால், அந்தச் சொல்லுக்கு அந்தப் பதிவு மேலே வரும்படி 'புரமோஷன்ஸ்' பகுதியில் வைத்துவிடலாம். பதிவே இல்லையென்றால், அடுத்து எழுத வேண்டியது அதைத்தான்.