ஷூ அப்பர் தைக்கும் யூனிட்: கூட்டுறவா, பிரைவேட் லிமிடெட்டா?

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் தொழிலாளர்கள் சேர்ந்து சொந்த யூனிட் போடுவதானால், முதலில் ஆள் கணக்கைப் பாருங்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு 2 பேர் போதும். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி சங்கம் பதிய 25 பேராவது வேண்டும்.

கம்பெனியில் பங்குக்கு ஏற்ப ஓட்டு. சங்கத்தில் எத்தனை பங்கு வாங்கினாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டுதான். மெஷினில் உட்காருகிறவரே நிர்வாகக் குழுவையும் தேர்ந்தெடுக்கிறார். இதற்காகவே கூட்டுறவைப் பரிந்துரைக்கிறோம்.

சங்கம் சறுக்குவது பெரும்பாலும் கைமுதலில், அதாவது அன்றாடச் செலவுக்குக் கையில் வேண்டிய பணத்தில். 30 பேர், நாளுக்கு 500 ரூபாய், மாதம் 26 நாள் என்று வைத்தால் கூலி மட்டுமே 3,90,000 ரூபாய். ஆர்டர் கொடுத்தவர் 3 மாதம் கழித்துப் பணம் தந்தால் அதுவரை 11,70,000 ரூபாய் வேண்டும். நூல், பசை, கரண்ட் பில் தனி. கம்பெனி வெளியாளுக்குப் பங்கு கொடுத்து இதைத் திரட்டிக்கொள்ளும். சங்கத்துக்கு அந்த வழி குறுகல். ஆகவே பங்குத்தொகையை மாதாமாதம் முன்கூட்டியே சேர்த்து வாருங்கள். தொடக்கத்தில் முன்பணம் தரும் ஆர்டரை மட்டும் எடுங்கள்.

புதிதாக வருகிறவர்களைக் கூலிக்கு மட்டும் வைத்தால், பழைய உறுப்பினர்கள் நாளடைவில் முதலாளிகளாகிவிடுவார்கள். எத்தனை மாதம் வேலை செய்தால் உறுப்பினராகலாம் என்பதைச் சங்கத்தின் துணைவிதியிலேயே (உள்விதிகளில்) எழுதிவிடுங்கள்.