மின்வெட்டில் ரவுட்டர், விளக்கு, மின்விசிறி: தொடர்மாடிக்கு ஏற்ற ஒரு சிறு பற்றரி அமைப்பு

இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல். ஒவ்வொரு முறையும் மெழுகுவர்த்தி தேடி அலைந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், தொடர்மாடியின் நான்காவது மாடி. மின்சாரம் போனால் லிஃப்ட் நிற்கும், தண்ணீர் ஏற்றும் மோட்டார் நிற்கும், அம்மாவின் நித்திரையும் போய்விடும். முதல் இரண்டையும் என்னால் திருத்த முடியாது. மூன்றாவதற்கு ஒரு மின்விசிறி போதும். அதனோடு ஒரு விளக்கும், மகளின் வகுப்புக்கு ரவுட்டரும் ஓடினால் வீடு வீடாக இருக்கும். இந்த மூன்றுக்கு மட்டுமே இந்தச் செய்முறை.

முதலில் கணக்கு. எங்கள் ரவுட்டர் 9 வாட் எடுக்கிறது. 12 வோல்ட் எல்இடி விளக்கு 5 வாட். 12 வோல்ட் மேசை மின்விசிறி 16 வாட். மொத்தம் 30 வாட். ஐந்து மணி நேரத்துக்கு 150 வாட் மணி. இந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். கையில் எண் இல்லாமல் போகிறவருக்குக் கடைக்காரர் தன்னிடம் தேங்கிக் கிடப்பதைத்தான் கட்டித் தருவார்.

ரவுட்டர் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பவர் பாங்கில் 20,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருப்பதை 12 வோல்ட்டால் பெருக்காதீர்கள். அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கலங்களுக்கு உரியது. 240 வாட் மணி என்று நினைப்பது உண்மையில் 74தான்; மாற்றத்தில் வீணாவதைக் கழித்தால் சுமார் 60. அதாவது, ஒரு நாள் தாங்கும் என்று எதிர்பார்த்த பவர் பாங்க் ஆறு ஏழு மணி நேரத்தில் படுத்துவிடும்.

பற்றரி. பழைய கார் பற்றரி வேண்டவே வேண்டாம். அது ஒரு நொடியில் பெருமளவு மின்னோட்டம் கொடுத்து எஞ்சினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. மணிக்கணக்கில் வடியவிட்டால் சில மாதங்களில் செத்துவிடும். நான் வாங்கியது 12.8 வோல்ட், 20 அம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி. 256 வாட் மணியில் 80 வீதத்தைப் பயன்படுத்தினாலும் 205 கிடைக்கிறது. ஈய அமிலப் பற்றரியானால் பாதிக்குமேல் இறக்கக்கூடாது, ஆகவே அதே வேலைக்கு இன்னும் பெரியது வேண்டும். லித்தியத்துக்கு விலை கூடத்தான், ஆனால் நான் அதற்கே வாக்களிப்பேன். அதற்கென்றே செய்த 14.6 வோல்ட் சார்ஜரைச் சேர்த்து வாங்குங்கள்.

இன்வேட்டர் வேண்டாமா என்று கேட்பார்கள். இந்த மூன்று பொருளும் 12 வோல்ட்டில் ஓடுபவை. இன்வேட்டர் பற்றரியின் 12 வோல்ட்டைச் சுவர் பிளக்கில் வரும் 230 ஆக்க, ரவுட்டரின் அடாப்டர் அதை மீண்டும் 12 ஆக்க, இரண்டு இடத்திலும் மின்சாரம் வெப்பமாக வீணாகும். வேண்டாம்.

வயரிங். பற்றரியின் நேர் முனைக்கு மிக அருகில் 10 அம்பியர் பியூஸ். காருக்கு விற்கும் வயரோடு கூடிய பியூஸ் உறை நன்றாகப் பொருந்தும். மற்ற எந்த வயரையும் தொடுவதற்கு முன் இதைப் போட்டுவிடுங்கள். பியூஸ் இல்லாத பற்றரியில் இரண்டு முனையும் தவறித் தொட்டுக்கொண்டால் வயர் பழுத்துச் சிவந்துவிடும். விளக்கும் மின்விசிறியும் பியூஸுக்கு அடுத்து வரும் வயரில் நேரடியாக இணையலாம், சோலார் அமைப்புகளுக்கென்று விற்பவையாக இருந்தால்.

ரவுட்டரை மட்டும் நேரடியாக இணைக்க வேண்டாம். நிறைந்த பற்றரி 13 வோல்ட்டைத் தாண்டும், சார்ஜ் ஆகும்போது 14.6 வரை ஏறும். இடையில் ஒரு பக்-பூஸ்ட் கன்வேர்ட்டர் வேண்டும்: உள்ளே வரும் வோல்ட் கூடினாலும் குறைந்தாலும் வெளியே ஒரே அளவு கொடுக்கும் சிறு பலகை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வெறும் பக் வகை வோல்ட்டைக் குறைக்க மட்டுமே தெரிந்தது, பற்றரி இறங்கும்போது 12 வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்காது.

என் முதல் ரவுட்டர் எரிந்தது இந்த இடத்தில்தான். ஆகவே மெதுவாகச் சொல்கிறேன். கன்வேர்ட்டர் பலகையில் நீலநிறத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதன் தலையில் கடுகளவு பித்தளைத் திருகாணி. அதைத் திருகித்தான் வெளியே வரும் வோல்ட்டை அமைக்கிறோம். நான் இரண்டு சுற்றுச் சுற்றினேன், மல்டிமீட்டரில் 19 என்ற எண் அசையவில்லை. மீட்டர்தான் பிழை என்று முடிவு செய்து ரவுட்டரைச் சொருகினேன். பச்சை விளக்கு ஒருமுறை மின்னியது, எரிந்த பிளாஸ்டிக் வாசம் வந்தது, அவ்வளவுதான். மீட்டரில் பிழையே இல்லை. அந்தத் திருகாணி பல சுற்றுகள் சுற்றக்கூடியது. பத்துச் சுற்று வரை எதுவும் மாறாமல் இருந்து, பிறகு திடீரென்று எண் இறங்கத் தொடங்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கன்வேர்ட்டரின் உள்முனையைப் பியூஸ் வழியாகப் பற்றரியோடு இணைத்து, வெளிமுனையில் வேறு எதையும் இணைக்காமல் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் வையுங்கள். மீட்டரை டிசி வோல்ட் பகுதியில் 20 என்ற இடத்தில் வையுங்கள். திருகாணியை ஒரு திசையில் சலிக்காமல் சுற்றுங்கள். எண் ஏறினால் மறுபக்கம். 12.0 வந்ததும் நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு மீண்டும் பாருங்கள். எண் நிலையாக நின்றால் திருகாணியின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டு, அசையாதபடி காயவிடுங்கள். பிறகு ரவுட்டரின் பழைய அடாப்டரில் வரைந்திருக்கும் சிறு வட்டப் படத்தைப் பார்த்து, நேர் முனை நடுவிலா வெளியிலா என்று உறுதி செய்யுங்கள். பெரும்பாலும் நடுவில்தான், ஆனால் பெரும்பாலும் என்பதை நம்பி ஒரு ரவுட்டரைப் பணயம் வைக்காதீர்கள்.

ஒரு காரியத்தை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்: ஜெனரேட்டரிலிருந்தோ இன்வேட்டரிலிருந்தோ ஒரு வயரை எடுத்துச் சுவர் பிளக்கில் சொருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுப்பது. அது வெளியே தெருக் கம்பிக்கும் போகும். மழையில் நனைந்துகொண்டு கம்பத்தில் நிற்கிற ஊழியரின் உயிர் அதில் போய்விடும். ஜெனரேட்டரைப் பல்கனியிலும் வைக்காதீர்கள்; அதன் புகையில் இருக்கும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு வாசமில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்த கொலன்னாவைவாசி ஒருவர், களனி ஆறு பெருகினால் பற்றரியை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தார். நான்காம் மாடியில் இருக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை. தரையில் வேண்டாம், அலுமாரியின் மேல்தட்டில் வைத்து, வயரைக் கீழே இறக்குங்கள். தண்ணீர் உள்ளே வரும் என்று அறிந்தால் சுவரிலுள்ள பிரதான சுவிட்சை முதலில் அணையுங்கள், ஆனால் ஈரத்தில் நின்றுகொண்டு தொடாதீர்கள்.

இன்னொருவர் இன்சுலின் பற்றிக் கேட்டார். அம்மாவும் போடுகிறார், ஆகவே நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்குமேல் போனால் வாய் அகன்ற தேர்மஸ் குடுவையில் ஐஸ் பொதி, அதன்மேல் மடித்த துவாய், அதற்குமேல் மருந்து. ஐஸில் நேரடியாகப் படக்கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது. மட்பானையை நனைத்து அதற்குள் வைக்கும் முறை, காற்றில் ஈரம் கூடிய கொழும்பில் அவ்வளவு குளிர்த்தாது.

கடலோரமாக இருப்பவர்களுக்கு: உப்புக் காற்றில் பற்றரி முனைகள் விரைவில் பச்சை பூக்கும். மாதம் ஒருமுறை துடைத்து, இணைப்பை இறுக்கி, மேலே மெல்லியதாக வாசலின் பூசுகிறேன். அன்றைக்கே ஒரு மணி நேரம் மூன்றையும் பற்றரியில் ஓடவிட்டும் பார்த்துக்கொள்கிறேன்.