பல்லாங்குழியில் மருத்துவப் பாடம்: தொடங்குவோருக்கான செய்முறை

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ஆச்சிமார் வளவில் உட்கார்ந்து ஆடிய பல்லாங்குழிப் பலகை பரணில் கிடந்தால் இறக்கித் துடைத்து வையுங்கள். பணி நேரம் போகத் தாமாகப் படிக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கு அது அருமையான கருவி.

முதலில் சீட்டுகள். ஆளுக்கு 30 போதும். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. வரையறை கேட்காதீர்கள், வார்டில் நடப்பதைக் கேளுங்கள். "இரவு தரையில் படுத்தவர். விடியற்காலையில் வயிற்றுவலி, இப்போது இமையைத் தூக்க முடியவில்லை. கடிவாய் தெரியவில்லை. 20 நிமிடம் அசைக்காமல் வைத்த ரத்தம் உறைந்திருக்கிறது. என்ன?" விடை: கட்டுவிரியன், மூச்சைக் கவனி. அடுத்த சீட்டில் வயலில் மிதிபட்ட கண்ணாடி விரியன்: கால் வீக்கம், ஈறில் கசிவு, உறையாத ரத்தம். இப்படி இணையாக எழுதினால் குழப்பம் தானே தெளியும். நோயாளியின் பெயர் எதிலும் வேண்டாம்.

இருவர் எதிரெதிரே உட்காருங்கள்; ஆளுக்கு ஒரு வரிசை, ஏழு குழி. சீட்டுகள் எல்லாம் முதல் குழியில். எதிரில் இருப்பவர் கேள்வியைப் படிக்க, விடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரியானால் சீட்டு, ஐந்தாம் குழி வரை, அடுத்த குழிக்குப் போகும். தவறினால், எங்கிருந்தாலும் முதல் குழிக்குத் திரும்பும். முதல் குழிச் சீட்டுகளைத் தினமும் கேளுங்கள்; இரண்டாவது ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவது நான்கு நாளுக்கு ஒருமுறை, நான்காவது வாரத்துக்கு, ஐந்தாவது இரு வாரத்துக்கு. அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறைதான் இது. தனியாகப் படிப்பவருக்கு அன்கி (Anki) என்ற நினைவுச் சீட்டுச் செயலி இதே வேலையைச் செய்யும்.

ஆறாவது குழி சோழிக்கு. இங்கேதான் கவனம் வேண்டும். சரியான விடைக்குச் சோழி கொடுத்தால் எல்லோரும் எளிய கேள்விகளாகவே எழுதுவார்கள். உட்கார்ந்த நாளுக்கு ஒன்று கொடுங்கள். தவறி முதல் குழிக்குத் திரும்பிய சீட்டு மீண்டும் மூன்றாம் குழி ஏறினால் இரண்டு. இரவுப் பணியால் வராதவரின் சோழியில் கை வைக்காதீர்கள். முன்பு நான் வாட்ஸ்அப் குழுவில் வாரந்தோறும் தரவரிசை போட்டேன். மூன்றே வாரத்தில் கடைசியில் இருந்தவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் அந்த மாதம் அதிக இரவுகள் விழித்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றோடு பட்டியலை நிறுத்திவிட்டேன்.

ஏழாவது குழி, இருவருக்கும் விடை பிடிபடாத சீட்டுகளுக்கு. சனிக்கிழமை அதைக் காலி செய்து மூத்த மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அடுத்த வகுப்பை அந்தச் சீட்டுகளிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.