ஆயில் ரிங் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்ஜின் வேலை பார்த்து வந்த கார் மறுபடியும் ஆயில் குடிக்கிறது, நீலப் புகை தள்ளுகிறது என்றால் பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங் செட்டைக் குறை சொல்லும் முன் அதை மாட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால், பிஸ்டனைக் கழற்றத்தான் வேண்டுமா? ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கியரிலேயே இறங்கி, பொன்னேரி வந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் குபுக்கென்று புகை வந்து அடங்கினால் முதல் சந்தேகம் வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் மீதுதான். வேலூர் தாண்டி பெங்களூரு ரோட்டில் லோடோடு இழுக்கும்போது விடாமல் புகைந்தால் ரிங் பக்கம் போகலாம். கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறதே என்று ஆயில் ரிங்கை விட்டுவிடாதீர்கள். கம்ப்ரஷனைப் பிடிப்பது மேல் ரிங்குகள். சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலை வழிப்பதுதான் ஆயில் ரிங்கின் வேலை.

இப்போதைய கார்களில் பெரும்பாலும் மூன்று துண்டு ஆயில் ரிங்தான். நடுவில் அலை அலையான எக்ஸ்பாண்டர், அதன் மேலும் கீழும் ரெயில் எனப்படும் மெல்லிய வளையம். எல்லாவற்றிலும் மோசமான தவறு எக்ஸ்பாண்டரில்தான் நடக்கிறது. அதன் இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டால் ரெயிலைச் சிலிண்டர் சுவரில் அழுத்தும் விசை போய்விடும், ஆயில் மேலே ஏறும். பல செட்களில் முனைகளுக்கு வெவ்வேறு நிறத்தில் பெயின்ட் வைத்திருப்பார்கள். இரண்டு நிறமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ரெயில் போடும்போது முனை நழுவுவது சகஜம். அதனால் ரெயில் போட்ட பிறகும் டார்ச் அடித்துப் பாருங்கள். "சீக்கிரம் முடிங்கண்ணா, சாயங்காலம் திருப்பத்தூர் போகணும்" என்று கஸ்டமர் பக்கத்தில் நின்றாலும் இதை மட்டும் விடக்கூடாது.

ரெயிலுக்கு ரிங்கை விரிக்கும் ரிங் பிளையர் வேண்டாம், ரெயில் வளைந்துவிடும். ஒரு முனையைப் பிஸ்டனின் ரிங் பள்ளத்தில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டு மீதியைச் சுற்றிச் சுற்றி இறக்குங்கள். பிறகு கையால் திருப்பினால் சிக்காமல் நகர வேண்டும். ரிங்குகளின் முனை இடைவெளிகள் ஒரே நேர்க்கோட்டில் வரக்கூடாது. எது எந்தப் பக்கம் என்பதை அந்த இன்ஜினின் மேனுவலைப் பார்த்து வையுங்கள்.

பழைய பிஸ்டனையே போடுவதாக இருந்தால் ஆயில் ரிங் பள்ளத்தில் இருக்கும் துளைகளைக் கட்டாயம் சுத்தம் செய்ய வேண்டும். வழித்த ஆயில் இன்ஜின் அடியில் இருக்கும் சம்ப்புக்குத் திரும்பும் வழி அது. கரி அடைத்திருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த ரிங்கும் பயன் தராது.

ஹோனிங் செய்த (கல்லால் உரசி மெல்லிய கீறல் போட்ட) போரை, அதாவது சிலிண்டரின் உட்புறத்தை, பெட்ரோலில் மட்டும் துடைப்பது போதாது, தூள் கீறல்களுக்குள்ளேயே தங்கிவிடும். சோப்பு, வெந்நீர், பிரஷ் போட்டுத் தேய்த்து, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். பிஸ்டனை இறக்கும்போது ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் ரிங் கம்ப்ரசர் போரின் மேல் ஒட்டி உட்காரட்டும். சுத்தியலின் மரப்பிடியால் லேசாகத் தட்டினாலே இறங்கும். பாதியில் நின்றால் அதற்குமேல் ஓங்கித் தட்டாதீர்கள். ரெயில் வெளியே பிதுங்கியிருக்கும். எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

புது ரிங் போரில் படியச் சில நூறு கிலோமீட்டராவது ஆகும். அதுவரை ஆயில் கொஞ்சம் குறையலாம். டிப்ஸ்டிக்கை அடிக்கடி பார்த்து ஊற்றிக்கொண்டு ஓட்டுங்கள், உடனே பிரிக்க வேண்டாம்.