பிள்ளைகளோடு செட்டிநாட்டுச் சாலைகளில்

காரில் ஏறிய சிறிது நேரத்திலேயே மகளுக்குக் குமட்டலும் மகனுக்குச் சலிப்பும் வந்துவிடுவதால், பார்க்கும் ஊர்களைக் குறைத்து, காரைக்குடியிலேயே தங்கி, காலையில் ஒரு திசை, மாலையில் ஒரு திசை என்று பயணத்தைப் பிரித்துக்கொண்டோம். நண்பகலில் பயணமே இல்லை. வெயில் ஏறுமுன் திருமயம் கோட்டைக்குச் சென்றோம். ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றித் தரைக்கற்கள் செய்வதைப் பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். எந்த மாளிகையையும்விட இதற்கே கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குளிர்காலத்தில் செல்பவர்கள், பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டியை ஒட்டிய வேட்டங்குடிச் சரணாலயத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். புறப்படுமுன் வயிறு நிறையக் கொடுக்காமல் இட்லியோடு நிறுத்தியதும், கைப்பேசியைத் தவிர்த்துச் சன்னல் வழியே தொலைவிலுள்ள கண்மாய்களைப் பார்க்க வைத்ததும் மகளின் குமட்டலைப் பெரிதும் குறைத்தன.